கூரையைக் காற்று பிய்த்த மறுநாள்: துடைப்பத்தை எடுப்பதற்கு முன் படியுங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் எங்களுக்கு மிளகாயும் மல்லியும் அரைத்துப் பொட்டலம் போடும் சிறிய தொழிற்கூடம் ஒன்று இருக்கிறது. ஓர் அக்டோபர் மாலை, பத்து நிமிடம் அடித்த காற்றில் கூரையின் ஒரு மூலையிலிருந்து ஒன்பது தகரங்கள் பெயர்ந்துவிட்டன. அவற்றில் இரண்டு பின்பக்கச் சாக்கடையில் போய்க் கிடந்தன. கீழே அடுக்கியிருந்த மல்லி மூட்டைகள் நனைந்து போயின.

மறுநாள் காலையில் நாங்கள் செய்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. எல்லாரும் சேர்ந்து இடத்தைக் கழுவித் துடைத்தோம். நனைந்த மூட்டைகளைக் குப்பை லோரியில் ஏற்றினோம். வளைந்த தகரங்களைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்குப் போட்டோம். தெரிந்த கூரைக்காரர் இரண்டே நாளில் புதுத் தகரம் அடித்துக் கொடுத்தார். அதன் பிறகுதான் காப்புறுதி முகவருக்குப் போன் செய்தேன். சேதத்தை மதிப்பிடக் காப்புறுதி நிறுவனம் அனுப்பிய அட்ஜஸ்டர் ஆறு நாள் கழித்து வந்தார். அவர் பளபளக்கும் புதுக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "துருப்பிடித்துப் போனதா, காற்றில் போனதா என்று நான் எதைப் பார்த்து எழுதுவது?" என்று கேட்டார். என்னிடம் கைப்பேசியில் எடுத்த பதினொரு படங்கள்தாம் இருந்தன. 38,400 ரிங்கிட் கேட்டோம். கையில் வந்தது 14,600.

அடுத்த ஆண்டு பட்டர்வொர்த்தில் என் மச்சானின் வொர்க்‌ஷாப் கூரைக்கும் இதே கதி. அப்போது நான் பக்கத்திலேயே இருந்து ஒவ்வொன்றையும் முறையாகச் செய்ய வைத்தேன். நாமே ஏற்க வேண்டிய 'எக்ஸஸ்' தொகையைக் கழித்துக்கொண்டு மீதி முழுவதும் வந்தது. அந்த இரண்டு அனுபவத்தையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கடை, கிடங்கு, பட்டறை என்று தகரக் கூரையின் கீழ் தொழில் செய்கிற யாருக்கும் இது உதவும்.

1. முதலில் உயிர், பிறகு கூரை

மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் சுவர் வழியாக இறங்கியிருந்தால் சுவிட்ச் பெட்டியை நீங்களே தொடாமல் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

கூரை மேல் ஏறாதீர்கள், ஊழியர்களையும் ஏற்றாதீர்கள். காற்றில் ஆட்டம் கண்ட தகரம் கீழிருந்து பார்க்க நன்றாகத்தான் தெரியும். கால் வைத்தால்தான் நழுவும். வெளிச்சத்துக்காக இடையிடையே போட்டிருக்கும் பிளாஸ்டிக் தகடு வெயிலில் காய்ந்து அப்பளமாகியிருக்கும். ஆள் எடையை அது தாங்காது. பழைய கட்டடமாக இருந்து, கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் உடைந்த துண்டுகளைப் பெருக்கவே கூடாது. தூள் கிளம்பி மூச்சில் போகும். அந்த இடத்தைக் கயிறு கட்டி மறித்துவிட்டு, அதை அகற்றத் தெரிந்த குத்தகையாளரைக் கூப்பிடுங்கள். அந்தச் செலவுக்கும் ரசீது வாங்குங்கள்.

2. பாலிசியைத் தேடி எடுத்து, ஐந்து விஷயங்களைப் பாருங்கள்

பலர் 'ஃபயர் பாலிசி இருக்கிறது' என்ற நிம்மதியில் இருக்கிறார்கள். சாதாரண ஃபயர் பாலிசி தீ, மின்னல், வீட்டு உபயோக எரிவாயு வெடிப்பு ஆகியவற்றுக்குத்தான். புயற்காற்றுக்கு இழப்பீடு வேண்டுமென்றால் அதைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். பாலிசியின் அட்டவணைப் பக்கத்தில் 'ஸ்டார்ம், டெம்பெஸ்ட்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெள்ளம் தனி. வெள்ளத்துக்கு எடுத்தவருக்குக் காற்றுக்கும் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

இரண்டாவது, காப்புறுதித் தொகை. கட்டடத்தை இன்றைய விலையில் திரும்பக் கட்ட 800,000 ரிங்கிட் ஆகும், நீங்களோ 600,000க்குத்தான் எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 40,000 ரிங்கிட் சேதத்துக்கு முக்கால் பங்கு, அதாவது 30,000தான் கணக்காகும். அதிலிருந்துதான் எக்ஸஸ் கழியும். 'ஆவரேஜ்' என்று இந்த விதியைச் சொல்வார்கள். எனக்கு விழுந்த பெரிய அடிகளில் இது ஒன்று. பத்து வருடமாகத் தொகையை மாற்றாமலே பாலிசியைப் புதுப்பித்து வந்திருக்கிறேன்.

மூன்றாவது, எக்ஸஸ். ஒவ்வொரு சேதத்திலும் உங்கள் கையிலிருந்து போகும் முதல் தொகை இது. சில பாலிசிகளில் நிலையான தொகை, சிலவற்றில் காப்புறுதித் தொகையில் ஒரு விழுக்காடு. சேதம் எக்ஸஸுக்குக் கொஞ்சம்தான் மேலே என்றால் இத்தனை வேலையும் தேவையா என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளலாம்.

நான்காவது, விலக்குகள். பல பாலிசிகளில் பெயர்ப் பலகை, முன்பக்க ஒட்டுக்கூரை, துணிப்பந்தல், வேலி போன்றவற்றைக் காற்றுச் சேதத்திலிருந்து விலக்கி வைத்திருப்பார்கள். கூரை மேல் பிறகு மாட்டிய சோலார் பலகைகளை நிறுவனத்திடம் தெரிவித்துச் சேர்த்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

ஐந்தாவது, பாலிசி யார் பெயரில். கட்டடத்துக்கு வங்கிக் கடன் இருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகலாம். வாடகை இடமென்றால் கூரை உரிமையாளருடையது. உங்கள் பாலிசி சரக்குக்கும் இயந்திரத்துக்கும்தான். அப்போது அவரும் தன் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, கூரைப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று பாருங்கள். அட்ஜஸ்டர் அதைக் கட்டாயம் கேட்பார்.

3. அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள்

முகவரிடம் போனில் பேசுவது மட்டும் போதாது. காப்புறுதி நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, முகவருக்கும் ஒரு நகல் போடுங்கள். பாலிசி எண், இடத்தின் முகவரி, காற்று அடித்த தேதியும் மணியும், என்ன சேதம், தொடர்புக்கு யார் என்ற ஐந்தும் இருந்தால் போதும். ஆங்கிலத்திலோ மலாயிலோ ஐந்தாறு வரி எழுதுங்கள். தொகை எதுவும் இப்போது வேண்டாம்.

தற்காலிகமாக மூடப் போகிறோம் என்பதையும் நிரந்தரப் பழுதுபார்ப்பை அட்ஜஸ்டர் பார்த்த பிறகே தொடங்குவோம் என்பதையும் அதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். நான் செய்யத் தவறியது இதுதான். மூட்டை நனைகிறதே என்ற பதற்றத்தில் அனுமதி கேட்காமலே கூரையை மாற்றிவிட்டோம்.

விவரமான இழப்பீட்டுப் படிவத்தைத் தரப் பாலிசியில் ஒரு கெடு இருக்கும். எங்களுடையதில் 15 நாள். பழுதுபார்ப்புக்கான கொட்டேஷன் (விலைப்பட்டியல்) வரத் தாமதமானால் கெடு முடிவதற்கு முன்பே மின்னஞ்சலில் கூடுதல் நாள் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

4. எதையும் நகர்த்துவதற்கு முன் படம்

ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். மொத்த வேலையிலும் பணம் பெற்றுத் தருவது இந்த ஒரு மணி நேரம்தான்.

முதலில் தெருவிலிருந்து கட்டடத்தின் நான்கு பக்கமும் முழுதாகத் தெரியும்படி எடுங்கள். பெயர்ப் பலகையோ கதவு எண்ணோ ஒரு படத்திலாவது இருக்க வேண்டும். பிறகு தகரம் விழுந்து கிடக்கும் இடங்கள். எங்கே பறந்து விழுந்தது என்பதே காற்றின் வேகத்துக்குச் சாட்சி. சாக்கடையில் கிடந்த அந்த இரண்டு தகரங்களையும் படமெடுக்காமல் தூக்கிவிட்டோமே என்று பின்னால் எத்தனையோ தடவை வருந்தியிருக்கிறேன்.

உள்ளே வந்ததும் தூண்களுக்கு எண் கொடுங்கள். வாசலிலிருந்து 1, 2, 3 என்று சாக்பீஸால் தூணிலேயே எழுதலாம். 'மூன்றாவது தூணுக்கும் நான்காவது தூணுக்கும் நடுவில்' என்று இடத்தைச் சொல்ல முடிந்தால் படமும் கொட்டேஷனும் அட்ஜஸ்டரின் அறிக்கையும் ஒரே மொழியில் பேசும். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று தூரத்தில் எடுங்கள்: முழுப் பகுதியும் தெரிய ஒன்று, ஓட்டை தெரிய ஒன்று, மிக அருகில் ஒன்று. அருகில் எடுக்கும்போது அளவு நாடாவைப் பக்கத்தில் பிடியுங்கள்.

அதன் பிறகு ஒரே ஓட்டமாக ஒரு காணொளி. வாசலில் தொடங்கி, தேதியையும் நேரத்தையும் வாயால் சொல்லி, நிறுத்தாமல் நடந்து, மேலே ஓட்டையையும் அதன் நேர் கீழே நனைந்த சரக்கையும் ஒரே காட்சியில் காட்டுங்கள். ஏன் என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்களும் போய்விடும். அசல் கோப்புகளைக் கணினியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அனுப்பும்போது மின்னஞ்சலிலோ டாக்குமெண்டாகவோ அனுப்புங்கள். படத்தின் மேல் வட்டம் போடுவது, அம்பு வரைவதெல்லாம் நகலில் மட்டும்.

சிசிடிவி இருந்தால் அன்றைக்கே பதிவைப் பிரதி எடுங்கள். பல கருவிகள் ஒன்றிரண்டு வாரத்தில் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். மே முதல் செப்டம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்று பெரும்பாலும் விடியும் முன்பே அடித்துவிட்டுப் போய்விடும். கடையில் ஆள் இல்லாத அந்த நேரத்துக்குக் கேமராதான் சாட்சி.

மேலிருந்து படம் வேண்டுமென்றால் ட்ரோன் நல்ல வழி. ஆனால் பட்டர்வொர்த்தில் விமானப்படைத் தளம், பாயான் லெப்பாசில் விமான நிலையம். ட்ரோன் வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டு இஷ்டத்துக்குப் பறக்க விடாதீர்கள். மலேசிய சிவில் விமான ஆணையத்தின் அனுமதியோடு தொழில் செய்பவர்களிடம் கொடுங்கள். மச்சான் கொடுத்தது 450 ரிங்கிட். அனுமதி கிடைக்காத இடமாக இருந்தால் கூடை வைத்த தூக்கு லோரியில் கூரைக்காரர் ஏறி, நீங்கள் சொல்லும் இடங்களைப் படமெடுக்கட்டும்.

5. காற்றுதான் செய்தது என்பதற்கு அடையாளங்கள்

அட்ஜஸ்டர் கூரையைப் பார்க்கும்போது அவர் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: இது காற்றா, தேய்மானமா? தேய்மானத்துக்கும் துருவுக்கும் பாலிசி பணம் தராது. ஆகவே அவர் தேடுவதை நீங்கள் முதலில் தேடுங்கள்.

காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சி இழுப்பதுதான் அதிகம். அந்த இழுப்பு ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் கடுமையாக இருக்கும். மூலையிலிருந்து தொடங்கி உள்நோக்கிப் பெயர்ந்திருந்தால், தகரம் மேல்நோக்கி மடிந்திருந்தால், ஸ்குரூ ஓட்டை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் கிழிந்திருந்தால், ஸ்குரூ சட்டத்திலேயே நிற்க அதன் தலையைச் சுற்றித் தகரம் மட்டும் பிய்ந்து போயிருந்தால், எல்லாம் காற்றின் கைவேலை. கிழிந்த விளிம்பு புதிதாக மின்னும். சில நாளில் அதிலும் துரு படியத் தொடங்கிவிடும். எனவே அந்த மினுமினுப்பை முதல் நாளே மிக அருகில் படமெடுங்கள். கீழே தகரத்தைத் தாங்கும் சி-சேனல் இரும்புச் சட்டம் முறுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது கொட்டேஷனில் விட்டுப்போனால் பிறகு சேர்ப்பது கடினம்.

எதிர்ப்பக்க அடையாளங்களும் இருக்கும். பழுப்பு நிறத் துரு வட்டங்கள், உதிர்ந்துபோன ரப்பர் வாஷர், சிலிக்கான் பூசிய பழைய ஒட்டுகள், சுவரில் பல மாதத் தண்ணீர்க் கறை. அவற்றை மறைக்காதீர்கள். கறை இருந்தால் இருக்கிறது என்று சொல்லி, புதுச் சேதம் வேறு இடத்தில் என்று காட்டுங்கள். ஒன்றை மறைத்துப் பிடிபட்டால் மற்ற ஒன்பதையும் நம்ப மாட்டார்கள். பழைய பராமரிப்பு ரசீதுகள் இங்கே தங்கம். மச்சான் ஆறு மாதத்துக்கு முன்பு ஸ்குரூ மாற்றியதற்கு வைத்திருந்த 620 ரிங்கிட் பில்லைப் பார்த்ததும் அட்ஜஸ்டரின் பேச்சே மாறிவிட்டது.

இனி அந்தக் காணொளிக்கு வருகிறேன். பொதுவாகப் பாலிசிகளில் ஒரு விதி உண்டு: காற்று முதலில் கூரையையோ சுவரையோ உடைத்திருக்க வேண்டும், அந்த ஓட்டை வழியாக வந்த மழைநீர் செய்த சேதத்துக்கு மட்டுமே பணம். திறந்திருந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தாலோ, கூரைத் தண்ணீர் வடியும் கட்டர் அடைத்துப்போய் அதிலிருந்து தண்ணீர் வழிந்தாலோ இழப்பீடு கிடையாது. எங்கள் மல்லி மூட்டைகளில் பாதியை 'கட்டர் நிரம்பி வழிந்த நீர்' என்று தள்ளிவிட்டார்கள். ஓட்டையையும் மூட்டையையும் ஒரே படத்தில் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

6. அன்று காற்று அடித்தது என்பதற்கு வெளிச்சாட்சி

மலேசிய வானிலை ஆய்வுத் துறையிடம் குறிப்பிட்ட நாளின் காற்று வேகம், மழையளவு விவரத்தைக் கட்டணம் செலுத்தி எழுத்தில் வாங்கலாம். நம் பக்கத்தில் பட்டர்வொர்த்திலும் பாயான் லெப்பாசிலும் நிலையங்கள் இருக்கின்றன. நாள் எடுக்கும், முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள்.

ஆனால் இடிமழைக் காற்று ஒரு தெருவைப் பிய்த்துவிட்டு அடுத்த தெருவைத் தொடாமல் போகும். நிலையத்தின் கணக்கில் வேகம் குறைவாகவே பதிவாகியிருக்கலாம். அதை மட்டும் நம்பி இருக்காமல் அதே தெருவில் சாய்ந்த மரம், பக்கத்துக் கடையின் கூரை, விழுந்த விளம்பரப் பலகை எல்லாவற்றையும் அன்றே படமெடுங்கள். மறுநாள் காலை நகராண்மைக் கழக ஆட்கள் மரத்தை அறுத்து ஏற்றிவிடுவார்கள். மறுநாள் பத்திரிகையில் செய்தி வந்திருந்தால் முழுப் பக்கத்தையும் தேதி தெரிய வெட்டி வையுங்கள். பொம்பா எனும் தீயணைப்புப் படை வந்திருந்தால் அவர்களின் அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள். போலீஸ் புகார் வேண்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

7. மூடுங்கள், ஆனால் எறியாதீர்கள்

சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை. கேன்வாஸ் போட்டு மூடாமல் விட்டு, அடுத்த மழையில் நனைந்ததற்கும் பணம் கேட்டால் தர மாட்டார்கள். கேன்வாஸ், கயிறு, கூலி எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குங்கள். மச்சானுக்கு 1,150 ரிங்கிட் ஆனது. நியாயமான அவசரச் செலவு என்று அதையும் ஏற்றுக்கொண்டார்கள். மூடுவதற்கு முன் ஒரு படம், மூடிய பின் ஒரு படம்.

பெயர்ந்த தகரம், ஸ்குரூ, முகட்டு மூடி எல்லாவற்றையும் ஒரு மூலையில் அடுக்குங்கள். ஸ்குரூக்களை ஒரு டின்னில் போட்டு, எந்தத் தூண் பக்கம் என்று எழுதுங்கள். அட்ஜஸ்டர் பார்த்து, 'அகற்றலாம்' என்று எழுத்தில் சொல்லும் வரை பழைய இரும்பு லோரி வாசலுக்கே வரக் கூடாது.

8. சரக்கும் இயந்திரமும்

நனைந்ததையும் நனையாததையும் பிரித்து வையுங்கள். எண்ணி, எடை போட்டு, பட்டியல் எழுதி, இரண்டு பேர் கையொப்பமிடுங்கள். கெட்டு நாறும் உணவுப் பொருளாக இருந்தால் அட்ஜஸ்டரைக் கூப்பிட்டு, அகற்றலாமா என்று கேட்டு, பதிலைப் பதிவு செய்துகொண்டு அகற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருக்கட்டும். கொள்முதல் பில், கடைசி சரக்குக் கணக்கு, இயந்திரத்துக்கு மெக்கானிக் எழுதித் தந்த அறிக்கை ஆகியவை வேண்டும். வாங்கிய விலைதான் கணக்கு. விற்கும் விலையைப் போட்டால் குறைப்பார்கள். கடை மூடிக் கிடந்த நாட்களின் வருமான இழப்புக்கு வேறு பாலிசி இருந்தால்தான் உண்டு.

9. கொட்டேஷன்

இரண்டோ மூன்றோ வாங்குங்கள். 'கூரை பழுதுபார்ப்பு, மொத்தம் 28,000' என்று ஒரே வரியில் வரும் கொட்டேஷன் வேலைக்கு ஆகாது. தகரத்தின் தடிமன், நீளம், எண்ணிக்கை, ஸ்குரூ, சட்டம், கட்டர், கூலி, தூக்கு லோரி வாடகை, இடிபாடு அகற்றும் செலவு எல்லாம் தனித்தனி வரியில் வேண்டும். தூண் எண்ணையும் போடச் சொல்லுங்கள். பழையதைவிடத் தடிமனான தகரம் போட ஆசைப்பட்டால் அந்தக் கூடுதல் விலை உங்களுடையது. அதைத் தனி வரியாகக் காட்டிவிடுங்கள்.

'நான் எல்லாம் பேசி வாங்கித் தருகிறேன், எக்ஸஸையும் பில்லில் ஏற்றிவிடலாம்' என்று சொல்லும் குத்தகையாளரைத் தூரத்தில் வையுங்கள். பொய்ப் பில் ஒன்று போதும், முழு இழப்பீடும் போய்விடும்.

பாலிசியில் 'ரீஇன்ஸ்டேட்மெண்ட்' விதி இருந்தால் புதிய விலை கிடைக்கும். ஆனால் உண்மையிலேயே பழுது பார்த்து, வழக்கமாக 12 மாதத்துக்குள் முடித்திருக்க வேண்டும். அந்த விதி இல்லையென்றால் கூரையின் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்கள்.

10. அட்ஜஸ்டர் வரும் நாள்

அவரை நியமிப்பதும் சம்பளம் கொடுப்பதும் காப்புறுதி நிறுவனம். அவர் எதிரியில்லை, உங்கள் ஆளும் இல்லை. கூரைக்காரரையும் அன்று வரச் சொல்லுங்கள். பாலிசி, எஸ்எஸ்எம் எனும் நிறுவன ஆணையத்தில் செய்த தொழில் பதிவு, மதிப்பீட்டு வரி ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம், படங்கள், கொட்டேஷன்கள், சரக்குப் பட்டியல், பராமரிப்பு பில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். 'பழைய கூரைதான், எப்படியும் மாற்ற நினைத்தோம்' என்று பேச்சுவாக்கில் நான் சொன்ன ஒரு வரி அப்படியே அறிக்கையில் ஏறியது. அன்று மாலையே, என்ன பார்த்தார், இன்னும் என்ன கேட்டார் என்று அவருக்கு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

11. தொகை சொல்லும்போது

கையொப்பம் போடச் சொல்லி ஒரு டிஸ்சார்ஜ் வவுச்சர் வரும். அதில் 'முழுமையான, இறுதித் தீர்வு' என்று இருந்தால், கையொப்பமிட்ட பின் மேலே கேட்பது மிகக் கடினம். அவசரப்படாமல், எந்த வரியில் எவ்வளவு குறைத்தார்கள், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு நான்கு மாதம் இழுத்தடித்த களைப்பில், கேட்காமலே கையொப்பமிட்டேன்.

ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, இறுதி முடிவைக் கடிதமாக வாங்குங்கள். அதற்குப் பிறகு எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் இது, முன்பிருந்த ஓஎஃப்எஸ் என்ற நிதிச் சேவைக் குறைதீர்ப்பு அமைப்பின் இடத்துக்கு வந்தது. தனிநபர்களும் குறு, சிறு தொழில்களும் 250,000 ரிங்கிட் வரையிலான காப்புறுதிப் பிணக்குகளை இங்கே கொண்டுபோகலாம். புகார் செய்பவருக்குக் கட்டணம் இல்லை. இறுதி முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கடிதம் வந்த உறையைக்கூடத் தூக்கி எறியாமல், அதன் மேல் கைக்குக் கிடைத்த தேதியை எழுதி அதே கோப்பில் சேருங்கள்.